ஆயில் போல்ட் சபதம்

எங்கள் வீட்டில் இனி எந்த ரிப்பேருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன். முடிவெடுத்ததோடு நின்றிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். வாயைத் திறந்து மனைவியிடம் சொல்லியும் தொலைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். அந்த வகையில் எனக்கு மச்சான் ஆகிவிட்டார். மிக்ஸி மக்கர் பண்ணினால் அண்ணே. கதவு கிறீச்சிட்டால் அண்ணே. அவர் வந்து இரண்டு தட்டுத் தட்டுவார், சரியாகிவிடும். பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டே, "என்ன மாப்ளே, பேப்பர்ல என்ன விசேஷம்?" என்று என்னைக் கேட்பார். அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்கிறார் என்பாள் மனைவி. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரியும்.

அதனால்தான் என் ஸ்கூட்டருக்கு நானே இன்ஜின் ஆயில் மாற்றுவது என்று கிளம்பினேன். ஒரு வருஷமாக மாற்றாத ஆயில். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. இன்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். திரும்ப மாட்டிவிட்டுப் புதுசை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

போல்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேலேயிருந்து குனிந்து, ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. ரோஷம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்ட சாப்பாட்டையெல்லாம் கைக்குக் கொண்டுவந்தேன். மொறுக் என்று ஒரு சத்தம். அது போல்ட்டிலிருந்து வந்ததா, என் இடுப்பிலிருந்து வந்ததா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை.

மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, அது கீழ பாத்து இருக்கு. நீங்க மேலேருந்து பாக்குறீங்க. அப்ப திசை மாறாதா?"

"நீ பீன்ஸை மட்டும் பாரு."

சொல்லிவிட்டேனே தவிர, ஓரமாகத் திரும்பிக் காற்றிலே விரலைச் சுற்றிப் பார்த்தேன். மாறத்தான் செய்கிறது. கால் மணி நேரமாக நான் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சத்தம் போடாமல் மறுபக்கம் திருப்பினேன். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி போட்டேன், மறுபடி வழுக்கியது. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், போல்ட்டின் ஆறு முனையும் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழவழவென்று இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். உளியை வைத்துத் தட்டினேன். கிரிப் பிளேயரால் கவ்வி இழுத்தேன். அந்தக் கல்லுளிமங்கன் அசைந்து கொடுக்கவில்லை. என் விரல்களில்தான் மூன்று பிளாஸ்திரி ஏறியது.

அப்போதுதான் மனைவி ரொம்ப அனுசரணையாக, "அண்ணனைக் கூப்பிடவா?" என்றாள். அதே நேரம் பார்த்து மச்சான் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்த வந்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வீராவேசம் வந்ததோ.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த போல்ட்டை நானே கழட்டுறேன். கழட்டிட்டா, இனிமே இந்த வீட்டு ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. வெளியாள் ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது. கழட்ட முடியலைன்னா, டூல்ஸ் பெட்டியை மச்சான்கிட்டக் குடுத்துட்டு, எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு அவர் முன்னாலயே சொல்றேன்."

மனைவியின் கத்தி பாதி பீன்ஸில் நின்றது.

"எல்லா ரிப்பேருமா?"

"எல்லா ரிப்பேரும்."

"சரிங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் நான் சொன்ன ஒன்றுக்கு உடனே சரி என்றது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மறுபடி ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். போல்ட் இன்னும் கொஞ்சம் உருண்டையானது, நான் இன்னும் கொஞ்சம் கறுப்பானேன். மச்சான் முன்னால் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதை நினைத்து ஸ்பேனரைத் தூக்கிப் போட்டேன். மனைவிதான் தேற்றினாள். மண்ணெண்ணெய் நன்றாக ஊறட்டும், அதற்குள் போய் முடி வெட்டிக்கொண்டு வாருங்கள், காது ரெண்டும் மூடிக்கிடக்கிறது என்றாள். என் காதைப் பற்றி அவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய்க் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது.

சாமியைக் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டருக்கு அடியில் நுழைந்தேன். இந்த முறை திசையை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டு கிரிப் பிளேயரை வைத்தேன். வைத்ததுதான் தெரியும். போல்ட் சுழன்றது. அப்புறம் விரலாலேயே கழன்று கையில் விழுந்தது. ஆயில் பொன் நிறமாகத் தட்டில் கொட்டியது.

"கழண்டுடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மனைவி கை தட்டினாள். மச்சான் மதில் மேல் கையை நீட்டி, அடேங்கப்பா மாப்ளே, டிப்போவிலே இருந்திருக்க வேண்டிய ஆள் என்றார். ஊறவைப்பதில் இருக்கிற சூட்சுமத்தை அவருக்கு நான் ஐந்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் நகக்கண்ணில் புதுசாகக் கிரீஸ் இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு போல்ட்டைத் துணியால் துடைத்தேன். தலைக்குக் கீழே புத்தம் புதுச் செப்பு வாஷர் ஒன்று பளபளவென்று மின்னியது. தட்டைப் பார்த்தேன். ஒரு வருஷம் ஓடிய ஆயில் மை மாதிரியல்லவா இருக்க வேண்டும்? இது தேன் மாதிரி இருக்கிறது. நான் முடி வெட்டப் போன நேரத்தில் அந்த போல்ட் தானாகக் கழன்று, கடைக்குப் போய் வாஷர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்க முடியாது.

ஆவேசமாக வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் போல்ட்டை நான் கழற்றவில்லை என்றாகிவிடும். பெட்டியைக் கொடுக்க வேண்டும், அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

மூடுவதற்காகவே காத்திருந்தவள் போல மனைவி இடுப்பிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. சமையலறைக் குழாய், பீரோ கீல், ஃபிளஷ் டேங்க், மொட்டைமாடிக் கதவு, ஜன்னல் கொக்கி ஏழு. அடுத்த பக்கம் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இனிமேல் ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷன் தூங்கலாம் என்று மச்சான் சொல்லிவிட்டுக் கொட்டாவியோடு உள்ளே போனார். கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டது.

அரை மணி நேரத்தில் நான் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். குழாயைப் பிடித்திருக்கும் நட்டு துருவேறி இறுகிக்கிடந்தது. மூக்கின் மேல் தண்ணீர் சொட்டியது. வழக்கம்போலப் பல்லைக் கடித்து ஸ்பேனரை இழுத்தேன். அசையவில்லை.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி குனிந்து, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"என்னங்க, இதை அண்ணன் தளர்த்தி வைக்கலை. நிஜமாவே நீங்கதான் கழட்டணும்."