ட்ரை பண்ணத் தடை

"சாயந்திரத்துக்குள்ள ஆள் அனுப்ப ட்ரை பண்றேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே மேனேஜர்.

அது வாஷிங் மெஷின் ரிப்பேர் கம்பெனி. போனை எடுப்பவளை எல்லோரும் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம். நிரந்தர வேலைக்கான ஆர்டர் மேனேஜரின் மேஜையில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"ட்ரை பண்றேன்னா என்ன அர்த்தம்?"

"முயற்சி பண்றேன்னு சார்."

"அது புஸ்தகத்துல. நம்ம ஊர்ல, 'ஆளை விடு'ன்னு அர்த்தம்! இன்னிலேர்ந்து இங்கே யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொன்னா, ஆர்டரை மறந்துடு."

அக்கா என்ன செய்வாள், பாவம்! வந்த போனுக்கெல்லாம், "அனுப்புறேன்" என்றாள். மத்தியானத்துக்குள் பதினோரு வீடு சேர்ந்துவிட்டது. மெக்கானிக்குகளோ மூன்றே பேர்.

"அண்ணே, ஒரு வீட்டை அரை மணி நேரத்துல முடிச்சிடுங்களேன்" என்று மூத்த மெக்கானிக்கிடம் கெஞ்சினாள்.

"முன்னேன்னா ட்ரை பண்றேன்னு சொல்லியிருப்பேன். இப்ப அதுக்கும் தடை. அதனால, முடியாதும்மா!"

வேறு வழியில்லாமல் ஸ்டோர் கீப்பர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து அனுப்பினாள். மனுஷர் மெஷினைக் கழற்றுவதில் கெட்டிக்காரர். மாட்டத்தான் தெரியவில்லை. அதை மாட்ட ஒரு மெக்கானிக்கை அனுப்பியதில், இன்னும் இரண்டு வீடு தள்ளிப்போனது.

அப்போது பார்த்து ஒரு அம்மா கூப்பிட்டார். நிதானமான குரல்.

"அஞ்சு மணிக்கு ஆள் வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

"வரும்மா" என்று சொல்லி, முகவரியை எழுதிக்கொண்டாள்.

நாலரை ஆயிற்று. போன மெக்கானிக்குகளில் ஒருவரும் திரும்பவில்லை. போனால் போகிறது வேலை என்று அக்கா புகார் நோட்டையும் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனாள்.

"சார், நீங்களும் பழைய மெக்கானிக்தானே? இந்த ஒரு வீடு."

"நானா? சரி, போக ட்ர..." நாக்கைக் கடித்துக்கொண்டார். கதவருகே கணக்கரும் டைப்பிஸ்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சார் சொன்னீங்க?"

"போறேன்னு சொன்னேன்!" நோட்டைப் பிடுங்கி முகவரியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "வேற... வேற ஆளே இல்லையா?"

"இல்லை சார். அனுப்புறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். அப்படியே இந்த ஆர்டர்லயும் ஒரு கையெழுத்து."

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். அவர் தலை மறைந்ததும் டைப்பிஸ்ட் கைதட்ட, அக்கா ஆர்டரை மூன்று தரம் படித்தாள். அவ்வளவு சந்தோஷம்!

ஆறரைக்கு அந்த நிதானக் குரல் மறுபடி கூப்பிட்டது.

"மெஷின் ஜம்முனு ஓடுதும்மா. வந்தவர் இப்ப துணி காயப் போட்டுட்டிருக்கார்."

"ஐயோ, அவர் எங்க மேனேஜர்மா!"

"எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர்தானே! மெஷினைப் பாருங்கன்னா, பத்து மாசமா 'ட்ரை பண்றேன், ட்ரை பண்றேன்'னே என்னை ஏமாத்திட்டிருந்தார். அந்த வார்த்தையை ஆபீஸ்ல தடை பண்ணுங்கன்னு நேத்து அவருக்கு யோசனை சொன்னதே நான்தான்!"