மாட்டாத ஒயரும் மாட்டிக்கிட்ட நானும்

புது சைக்கிள் வாங்குவது என்று ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் முடிவெடுத்துவிட்டேன். பொன்னுத்தங்கத்திடம் சொல்வது மட்டும்தான் பாக்கி. அது சின்ன வேலை. இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் புருஷனாக இருக்கிறேன். எதை எப்படிச் சொன்னால் நம்புவாள் என்று எனக்குத் தெரியாதா?

நான் கனகசபாபதி. திருத்தங்கலில் பட்டாசு டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறேன். என் எடையில் பாதி வயிற்றில்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சைக்கிளுக்கு மாறினேன். சும்மா சைக்கிள் இல்லை. பேட்டரியில் கியர் மாறும் சைக்கிள். கைப்பிடியில் ஒரு பொத்தான். தொட்டால் 'ஸ்ஸிக்' என்று கியர் மாறும். என் வீட்டில் நான் சொன்னவுடன் கேட்கிற ஒரே பொருள் அதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினாலு பேர் சாத்தூர் வரை மிதித்துப் போய் வருவோம். குழுவுக்கு நான்தான் தலைவர்.

எட்டு வருஷம் உழைத்த அந்தச் சைக்கிளின் கியர் ஒயரை எலி கடித்துவிட்டது. மதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஊர்க்காவலன் புது ஒயர் அனுப்பினான். திங்கட்கிழமை காலை பார்சல் வந்தது. பிரித்தேன். சொருகினேன். லொடலொட என்று ஆடியது. ஒயர் மெலிந்திருந்தது, முனையும் சிறுத்திருந்தது. என் கியரில் இருந்த துளையோ பழைய காலத்துப் பெரிய துளை. எட்டு வருஷத்தில் ஒயர் மெலிந்துவிட்டது, நான்தான் மெலியவில்லை.

ஊர்க்காவலனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரன் மாடல மாத்திட்டான். பழைய ஒயரு இப்ப வாரதில்ல. அடாப்டர்னு சுண்டுவெரல் தண்டி ஒரு துண்டு இருக்கு. ஒரு பக்கம் பழசு மாட்டும், மறுபக்கம் புதுசு மாட்டும். அனுப்பட்டா?"

"வேண்டாம்!" என்றேன்.

ஏனென்றால் அந்த நொடியில்தான் எனக்குள் ஒரு சரவெடி பற்றிக்கொண்டது. இப்படி ஒரு துண்டு உலகத்தில் இருப்பது பொன்னுத்தங்கத்துக்குத் தெரியாது. தெரியாதவரை புது சைக்கிள் என்னுடையது. குளித்தேன். கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக்கி நாலு தடவை ஒத்திகை பார்த்தேன். பிரஸ்ஸுக்குப் போனேன்.

எங்கள் பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பது அவள்தான். லேபிளில் ஒரு புள்ளி குறைந்தால் பத்தடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுவாள். பிடிக்கட்டும். சைக்கிள் என்ன லேபிளா?

"தங்கம், சைக்கிள் போச்சு."

"எங்கன போச்சு?"

"வீட்டுலதான் நிக்கிது. ஆனா போச்சு."

"நிக்கிது, ஆனா போச்சு. சரி, சொல்லுங்க."

"புது ஒயரு பழைய கியர்ல சேராது. ஒயர மாத்துனா கியர மாத்தணும். கியர மாத்துனா பேட்டரிய மாத்தணும். பேட்டரிய மாத்துனா சைக்கிள் ஃபிரேமையே மாத்தணும்."

"அம்புட்டையும் மாத்துனா பழசுல என்னங்க மிஞ்சும்?"

"பெல்லு."

அவள் கையிலிருந்த மத்தாப்பு லேபிளைக் கீழே வைத்தாள். "நடுவுல சொருகுறதுக்கு எதுவும் இல்லையா? மிக்சி பிளக்கு சேரலைன்னா ஒண்ணு சொருகுவோமே, அது மாதிரி?"

எனக்கு வியர்த்தது. "உலகத்துலயே கெடையாது."

"உலகத்துலயேவா?"

"ஜப்பான்லயே கெடையாது!"

"அப்பச் சரி. வாங்கிக்கிடுங்க."

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரே மூச்சில் அவள் சரி சொன்னதில்லை. ஆனால் ஜெயித்தவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

"ஒண்ணு மட்டும்," என்றாள். "பழச நான் எடுத்துக்கிடுதேன். பெறகு வந்து கேக்கக்கூடாது."

"காயலாங்கடைக்குத்தானே? கேட்டா எம்பேரு கனகசபாபதி இல்ல!"

ஒரு தாளில் எழுதினாள்: 'பழைய சைக்கிள் உதவாது. இனி இது பொன்னுத்தங்கத்துக்குச் சொந்தம்.' என் பக்கம் தள்ளினாள். "புரூஃப் பாத்து ஓகே போடுங்க."

எங்கள் தொழிலில் ஓகே போட்டால் போட்டதுதான், மிஷின் ஓடிவிடும். கையெழுத்துப் போட்டேன். அடியில் கெத்தாக ஒரு கோடும் இழுத்தேன். அன்றைக்கே ஊர்க்காவலனிடம் புது சைக்கிளுக்கு ஆர்டர் கொடுத்தேன். வர மூன்று மாசமாகும் என்றான். ஆகட்டும்.

மூன்றாவது ஞாயிறு. சைக்கிள் இல்லாவிட்டாலும் தலைவர் தலைவர்தானே? குழுவைக் கொடியசைத்து அனுப்ப, காலை ஆறு மணிக்குத் தொப்பியோடு போய் நின்றேன்.

பின்னால் 'ஸ்ஸிக்' என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். என் சைக்கிள். அதன் மேல் சுடிதார், ஹெல்மெட், ஷூ சகிதம் என் மனைவி.

"தங்கம்! இது எப்படி ஓடுது?"

"மிதிச்சா ஓடுது."

"கியரு?"

"தொட்டா மாறுது."

"ஒயரு சேராதே!"

"சுண்டுவெரல் தண்டி ஒரு துண்டு இருக்குங்க. ரெண்டு நிமிசத்துல நானே சொருகிட்டேன். ஜப்பான்லயே செய்யிறானாம்."

பதிமூன்று பேரும் சிரித்தார்கள். விஷயம் இதுதான். அந்தத் திங்கட்கிழமை நான் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊர்க்காவலன் பிரஸ்ஸுக்குப் போன் போட்டிருக்கிறான். "மதினி, அண்ணாச்சி அடாப்டர் வேண்டாங்காரு. இருந்தாலும் ஒண்ணு அனுப்பி வைக்கட்டா?" இவள் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் தெரிந்துவிட்டது.

"பெறகு எதுக்கு நடுவுல சொருக எதுவும் இல்லையான்னு கேட்ட?"

"உண்மையச் சொல்ல உங்களுக்கு ஒரு சான்ஸ் குடுத்தேன்."

நான் அசரவில்லை. இன்னும் ஒன்றரை அடி நிமிர்ந்தேன். "பரவாயில்ல. என் புது சைக்கிள் வரட்டும். யாரு முன்னால போறான்னு பாப்போம்."

"அது வராதுங்க. ஆர்டர நிறுத்தச் சொல்லிட்டேன்."

"நீதானே வாங்கிக்கிடுங்கன்ன?"

"வாயால சொன்னேன். எழுத்துல ஓகே போட்டனா?"

'ஸ்ஸிக்'. போய்விட்டாள். சாத்தூருக்கு அன்றைக்கு முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது அவள்தான். பள்ளிக்கூடக் காலத்தில் தினமும் பத்து மைல் மிதித்தவளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போதும் ஞாயிறு தவறாமல் நான் சாத்தூர் போகிறேன். எங்கள் பிரஸ் லோடு வண்டியில். பின்னால் தண்ணீர் கேன், நாலு சீப்பு வாழைப்பழம். போன வாரம் மேம்பாலத்து ஏற்றத்தில் அவளுக்குப் பக்கத்தில் வண்டியை ஓட்டி, தலைவருக்குரிய மிடுக்கோடு கேட்டேன்.

"தங்கம், கொஞ்ச தூரம் நான் மிதிக்கட்டா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டினாள்.

"பழம்."

உரித்துக் கொடுத்தேன்.