டெல்பர்ட் உட்கார்ந்தால் எரியும் விளக்கு

"வருஷா வருஷம் அன்னையர் தினம் வருது. வருஷா வருஷம் நானும் எங்கம்மாவும் ஓட்டல்ல எதிரும் புதிருமா உட்கார்ந்து, 'உன் புருஷன் எங்கேடி?'ன்னு அவ கேக்க, 'ஏரியில'ன்னு நான் சொல்ல, ரெண்டு பேரும் ஆறிப்போன முட்டையைக் குத்திப் பார்த்துட்டு எழுந்து வரோம். அது எங்கப்பா படகு, ஆர்லன். அதுல எனக்குத் தூண்டில் போடக் கத்துக் கொடுத்ததே எங்கம்மாதான். அது உன் கராஜுக்கு வந்த நாள்லேர்ந்து நாங்க ரெண்டு பேரும் அதுல காலே வெச்சதில்ல!"

மார்லிஸ் இதைச் சொன்னபோது, யாரை ஏரிக்குப் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாளோ அவருக்கே முட்டை சாண்ட்விச் கட்டிக்கொண்டிருந்தாள். பெண் பிறவியின் லட்சணம் அது. வாய் ஒரு பக்கம் வெட்டும், கை ஒரு பக்கம் கட்டும்.

மினசோட்டாவில் மீன்பிடி தொடங்கும் நாளும் அன்னையர் தினமும் பெரும்பாலும் ஒரே வார இறுதியில் வந்து விழும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் நிச்சயம் முட்டையிலிருந்துதான் பொரிந்து வந்திருக்க வேண்டும். தாய் வளர்த்த பிள்ளை செய்கிற காரியமில்லை இது.

"இந்த வருஷம் டெல்பர்ட்டுக்கு வாக்குக் கொடுத்துட்டேன் மார்லிஸ். அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார் ஆர்லன் ப்ரெக்கே.

"போன வருஷமும் இதேதான் சொன்னே."

"போன வருஷம் சொன்ன அடுத்த வருஷம் வேற."

டெல்பர்ட் பக்கத்து வீட்டுக்காரர். ஆள் நல்ல ஆகிருதி. அவர் ஏறினால் படகு தண்ணீரைக் கேட்டுக்கொண்டுதான் மிதக்கும். அவர் அப்போதே கைப்பெட்டியும் ரப்பர் பூட்ஸுமாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, இந்தச் சண்டை காதில் விழாத மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் மார்லிஸின் அம்மா ஆர்டிஸ் அம்மாள் காப்பிக் கூஜாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"மாப்பிள, காப்பி?"

"வேண்டாம் அத்தை."

ஆர்டிஸ் அம்மாள் மிச்சக் காப்பியையும் தன் கோப்பையிலேயே ஊற்றிக்கொண்டாள். ஆர்லனுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த ஊர் மரியாதை அப்படி. எதைக் கொடுத்தாலும் முதல் முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது முறையும் ஐயையோ, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டால், சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் வெளியூர்க்காரன்.

"எழுபத்தஞ்சு தாண்டினப்புறம் நான் ஒரு தடவைக்கு மேல கேக்கறதில்ல," என்றாள் ஆர்டிஸ் அம்மாள், உறிஞ்சிக்கொண்டே.

மார்லிஸ் விடவில்லை. "முதல்ல டிரெய்லர் விளக்கு எரியுதான்னு பாரு. போன வருஷம் இருட்டினப்புறம் விளக்கில்லாம வந்து, போலீஸ்காரர் நிறுத்தி, ராத்திரி டிரெஸ்ஸோட நான் வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

மாமியார் எதிரில், நண்பன் எதிரில் இந்தப் பேச்சு. ஆர்லனுக்குக் காது சூடாகிவிட்டது. அவமானப்பட்ட ஆண்பிள்ளை உடனே செய்கிற காரியம் ஒன்று உண்டு. சபதம் போடுவார். போட்டார்.

"நேத்து கராஜ்ல பாட்டரி வெச்சுப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரிஞ்சுது! இன்னிக்கு மத்தியானச் சங்கு ஊதறதுக்குள்ள விளக்கு எரியலேன்னா, படகை நீயும் உங்கம்மாவும் எடுத்துட்டுப் போங்க. நான் வீட்ல இருக்கேன்!"

"டெல்பர்ட், கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்றாள் மார்லிஸ்.

டெல்பர்ட் விட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

படகு ஏற்றிய டிரெய்லரை ஆர்லனின் பிக்கப் வண்டியில் கோத்து, பிளக்கையும் சொருகியாயிற்று. அவர் உள்ளே உட்கார்ந்தார். மார்லிஸ் பின்னால் போய் நின்றாள். உலகத்தில் எந்த ஆணும் தன் டிரெய்லர் விளக்கைத் தானே பார்க்க முடியாது. காலை அழுத்த ஒருவர் வேண்டும், பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு இதைவிடப் பலமான காரணம் ஆர்லனுக்குத் தெரியாது.

"லெஃப்ட் போட்டிருக்கேன்! எரியுதா?"

"ரைட்டு லேசா முழிக்குது."

"நான் லெஃப்ட் போட்டேன்!"

"நீ போட்டது லெஃப்ட். எரியறது ரைட்டு. நான் என்ன பண்ண?"

"பிரேக்!"

"இப்ப அதுவும் அணைஞ்சு போச்சு."

"சரியாப் பாரு!"

"என் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் எரியுது. உன் விளக்குதான் எரியல."

ஆர்லன் இறங்கி வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், ஊதினார், சொருகினார். விளக்கு எரியவில்லை. பிளக்கை விடுவித்து, பாட்டரியை நேராக வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. மறுபடி வண்டியில் சொருகினார். இருட்டு.

"கராஜ்ல எரியுது. உன் வண்டியைப் பார்த்ததும் மயக்கம் போடுது," என்றாள் மார்லிஸ். "ஆர்லன், போன பனிக்காலத்துக்கு முன்னாடி, ரோட்டுல போடற உப்பு இரும்பைத் தின்னுடும்னு வண்டிக்கு அடியில ஒரு கறுப்புப் பூச்சு அடிச்சியே. பிளக்கோட வெள்ளை ஒயரைக் கழட்டி, பூச்சை அடிச்சு, பூச்சு மேலயே திருப்பி முடுக்கினே. நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். அந்தத் திருகாணியைச் சுரண்டிப் பார்க்கட்டுமா?"

ஆர்லனுக்கு அந்தப் பூச்சு பெற்ற பிள்ளை மாதிரி. மூன்று சனிக்கிழமை முதுகால் தரையைப் பெருக்கி அடித்தது. அடிச்சட்டம், திருகாணி, டிரெய்லர் மாட்டுகிற இரும்புக் குண்டு, எதையும் விட்டுவைக்கவில்லை. தெருவே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"வேண்டாம் வேண்டாம். என் வண்டியில ஒண்ணுமில்ல. கோளாறு டிரெய்லர்ல. நீ அங்கயே நின்னு, எரியுது, எரியலேன்னு மட்டும் சொல்லு."

"எரியலேன்னு மட்டும் சொல்றேன்."

தெருவில் வரிசையாகப் படகுகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார். ஒவ்வொரு படகின் பின்னாலும் இரண்டு சிவப்பு விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. ஆர்லன் அந்த விளக்குகளையே பார்த்தார். ஊர்க்காரர்கள் அவர் பார்ப்பதைப் பார்த்தார்கள்.

கடைசி வீட்டு வெண்டல் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "என்ன ஆர்லன், கை கொடுக்கட்டுமா?"

"சேச்சே, வேண்டாம்."

"சும்மா ஒரு நிமிஷம் பார்க்கறேனே?"

"ஐயையோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஆர்லன் மூன்றாவது கேள்விக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். வெண்டலின் பின் சீட்டில் இருந்த நாய் குரைத்தது. "சரி, வரேன்," என்று வெண்டல் போய்விட்டார். மரியாதை பாதி வழியில் அறுந்து தொங்கியது.

ஆர்லன் மறுபடி உள்ளே ஏறி எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் டெல்பர்ட் கால் கடுக்கிறதென்று, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கம்பத்தின் மேல் உட்கார்ந்தார்.

"எரியுது!" என்று கத்தினாள் மார்லிஸ்.

"எரியுதா!"

"லெஃப்ட், ரைட், பிரேக், எல்லாம் எரியுது!"

டெல்பர்ட் பயந்து எழுந்தார்.

"அணைஞ்சு போச்சு."

"உட்காருடா டெல்பர்ட்!"

உட்கார்ந்தார். எரிந்தது. எழுந்தார். அணைந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி துணி உதற வந்தவள், துணியை உதறாமலே நின்றுவிட்டாள். ஆர்லனின் உத்தரவின்பேரில் டெல்பர்ட் தோப்புக்கரணம் போடுவதுபோல் உட்கார்ந்து எழுந்து, அந்தத் தெருவுக்கே விளக்குப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏரி வரைக்கும் அவரை இங்கயே உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள் மார்லிஸ். "அவர் எடைக்குக் குண்டு மேல இருக்கற பூச்சு கீறி, இரும்பு இரும்பைத் தொடுது. அதான் எரியுது. போன கரண்டு திரும்பி வரணுமில்ல? உன்கிட்ட எர்த் கிடைக்கல ஆர்லன். பூச்சைச் சுரண்டட்டுமா? உருளைக்கிழங்குத் தோல் சீவற கத்தி போதும்."

உருளைக்கிழங்குக் கத்தி! டெல்பர்ட் சிரிப்பை அடக்கியதில் கம்பம் குலுங்கியது. விளக்கு கண் சிமிட்டியது.

"ஐயையோ, உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் ஆர்லன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மரியாதைப்படி இது இரண்டாவது மறுப்பு. அவள் சொல்வது சரி என்று அவர் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. மூளைக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டால், சரி, நீ இவ்வளவு சொல்றதால என்று கத்தியைக் கையில் கொடுத்துவிடுவது என்று உள்ளுக்குள் முடிவே செய்துவிட்டார்.

அதற்குள் டெல்பர்ட்டின் மச்சான் வண்டி வந்து நின்றது. டெல்பர்ட் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"எங்கடா போறே?"

"நான் முன்னாடி போய் இடம் பிடிச்சு வைக்கிறேன் ஆர்லன்."

"ஏரியில என்னடா இடம் பிடிக்கறது?"

டெல்பர்ட் மச்சான் வண்டியில் ஏறினார். மச்சானும், பின்னால் இருந்த இரண்டு பேரும் தலையை வெளியே நீட்டி, ஆர்லனையும் டிரெய்லரையும், குனிந்து அந்தப் பேர்பெற்ற கறுப்புப் பூச்சையும் பார்த்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து மார்லிஸ் கேட்டாள், எல்லார் காதிலும் விழும்படி:

"கடைசியாக் கேக்கறேன் ஆர்லன். நான் சுரண்டிச் சரி பண்ணட்டுமா?"

சரி என்று சொல்ல வாயைத் திறந்தார் மனிதர். சத்தியமாகத் திறந்தார். ஆனால் நான்கு ஆண்பிள்ளைகள் பார்க்கிறார்களே.

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! பொம்பளை தொட்டு எரியற விளக்கு எனக்கு வேண்டாம்!"

மச்சான் வண்டி கிளம்பிப் போயிற்று. படியில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். "மூணு தடவை கேட்டாச்சு. எல்லாரும் கேட்டாங்க," என்றாள்.

தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதியது. தினமும் மத்தியானம் ஊதுகிற சங்குதான். அன்றைக்கு ஆர்லனுக்காகவே ஊதியது போலிருந்தது.

மார்லிஸ் நேராக டிரெய்லரிடம் போனாள். பிளக்கைக் கழற்றினாள், சங்கிலியைக் கழற்றினாள், டிரெய்லரின் முன் சக்கரத்தை இறக்கிக் கம்பத்தைத் தூக்கிவிட்டாள். அவள் அப்பா கற்றுக்கொடுத்த கை. "பிக்கப்பை நகர்த்து," என்றாள். நகர்த்தினார். அவளுடைய சின்னக் கார் பின்னோக்கி வந்து, அதன் பின்னால் இருந்த குண்டு கம்பத்தின் நுனிக்கு நேர் கீழே வரும்படி கச்சிதமாக நின்றது.

அந்தக் காரில் டிரெய்லர் மாட்டுகிற குண்டு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? போன அன்னையர் தினத்துக்கு ஆர்லன் கொடுத்த பரிசு. தோட்டத்துக்கு எருவை அவளே இழுத்து வந்துகொள்ளட்டும், நம்மை ஏரியிலிருந்து கூப்பிட வேண்டாமே என்ற பரந்த மனது. தானே மாட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சோம்பிப்போய், கடைசியில் கடைக்காரனிடம் விட்டு மாட்டியது. கடைக்காரனுக்குப் பூச்சு அடிக்கிற கலை தெரியாது.

கோத்தாள். பிளக்கைச் சொருகினாள். காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"ஆர்லன், பின்னாடி போய் நில்லு."

போய் நின்றார்.

"லெஃப்ட் போட்டிருக்கேன். எரியுதா?"

இடது விளக்கு பிசகில்லாமல் சிமிட்டியது. எதிர்வீட்டுப் பெண்மணி துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எரியுது," என்றார் ஆர்லன், சட்டைப் பொத்தானிடம்.

"காது கேக்கல."

"எரியுது!"

"ரைட்?"

"எரியுது!"

"பிரேக்?"

அந்தச் சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. முகம் அதற்கு முன்பே அந்த நிறத்தில்தான் இருந்தது.

"எல்லாம் எரியுது மார்லிஸ்."

"சந்தோஷம். பிரிட்ஜ்ல கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேக வெச்ச ஹாட்டிஷ் இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடு. சாண்ட்விச்சை நாங்க எடுத்துட்டுப் போறோம். வெண்ணெய்க்குப் பக்கத்துல இருந்த தூண்டில் புழு டப்பாவையும்."

ஆர்டிஸ் அம்மாள், இறந்துபோன கணவரின் பழைய மீன்பிடித் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். வருஷக்கணக்கில் ஓட்டல் முட்டையைக் குத்திப் பார்த்த முகம், அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இருந்தது. கார் நகரும்போது அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள, பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. நீங்களும் வரீங்களா?"

ஆர்லனின் நெஞ்சு ஏரித் தண்ணீரில் குதித்தது. ஆனால் நாக்கு பிறந்த ஊரின் நாக்கு. அது யாரையும் கேட்பதில்லை.

"ஐயையோ, வேண்டாம் அத்தை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குத் தோதாக முகத்தைக் கொஞ்சம் தயக்கமாகவும் கொஞ்சம் ஆவலாகவும் வைத்துக்கொண்டார்.

"சரி மாப்பிள," என்றாள் ஆர்டிஸ் அம்மாள். கண்ணாடி ஏறியது.

தெருமுனையில் இடது விளக்கு அழகாகச் சிமிட்டியது. படகு அதன் பின்னாலேயே பணிவாகத் திரும்பியது. எதிர்வீட்டுப் பெண்மணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆர்லன் வெறும் தெருவில் நாலடி ஓடினார்.

"அத்தை! இன்னொரு தடவை கேளுங்களேன்!"