அடுப்பை அணைத்தவள் எழுதுவது

எடமலைப்பட்டி புதூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு அமிர்தம் பணிவோடு எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுத ஆசைதான். முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். அங்கு நீங்களும் சிவப்பி மாடும் அதன் கன்றும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் என்ன என்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரி, வச்சிரவா?" என்கிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

எனக்குப் பதவி உயர்வு வந்து திருச்சி ஆபீசில் போட்டபோது, வையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் காதுபட, "நீ ஒரு மாசம் தாங்க மாட்ட, பதவி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவ" என்றீர்கள். உங்களுக்குக் கருநாக்கு என்று உங்கள் அம்மாவே சொல்வார். வீடு தேடப் போன இடமெல்லாம் முதல் கேள்வி, "உங்க சார் எங்க?" "ஊர்ல மாட்டப் பாத்துக்கிறாரு" என்றேன். "மாட்டுக்காகப் பொண்டாட்டிய யாராச்சும் தனியா விடுவாங்களா?" என்று கதவைச் சாத்தினார்கள். இப்படி எனக்குக் கதவு சாத்திய வீடுகளிலேயே இன்னும் இரண்டு பெண்களுக்கும் சாத்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இளவேனிலுக்கு வயசு போதாதாம். நர்ஸ் வேலை பார்க்கிற வஹீதா நேரங்கெட்ட நேரத்தில் வருகிறாளாம். புரோக்கர் டோமினிக், "மூணு பேரும் ஒண்ணா எடுத்துக்கங்க, என் காலும் தேயாது" என்று எங்களைச் சேர்த்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட். காற்றோட்டம், தண்ணீர், வாசலில் ஆட்டோ, எல்லாம் திவ்யம். வீட்டுக்கார மாமி, "ஆத்துல நான்வெஜ் சமைக்கப்படாது" என்றார். நான் தலையாட்டுவதற்குள் இளவேனில் முந்திக்கொண்டு, "ஐயோ மாமி, நாங்க சமைக்கவே மாட்டோம்! பிரியாணி எல்லாம் வெளியிலதான் வாங்கிட்டு வருவோம்" என்றாள். அவ்வளவுதான், காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துதான் மூச்சே விட்டோம்.

கடைசியில் இங்கே எடமலைப்பட்டி புதூரில் ராசாத்தி அம்மாவின் மாடி வீடு. "யாரு வேணா இருங்க, என்ன வேணா தின்னுங்க. பால் காய்ச்சி, அது பொங்கி வழியணும். அத என் கண்ணால பாத்தாதான் சாவி. போன தடவ வந்தவங்க பொங்க விடாமக் குடி வந்தாங்க, போர்ல தண்ணி வத்திப்போச்சு" என்றார். பெரியவள் என்று என்னை அடுப்பு முன்னால் நிறுத்தினார்கள். பால் ஏறியது. நுரை விளிம்புக்கு வந்தது. ராசாத்தி அம்மா கும்பிடக் கையைத் தூக்கினார். என் கை, என்னைக் கேட்காமலே போய், அடுப்பை அணைத்துவிட்டது! நான் என்ன செய்வேன்? ஒரு சொட்டு வழிந்தாலும் "மாடு உனக்குக் கடன்பட்டிருக்கா?" என்று கேட்கிற மாமியாரிடம் பழகின கை. பொங்கலன்றுகூட என்னைப் பானைப் பக்கம் விட்டதில்லை. மறுபடி பற்ற வைத்தோம். மறுபடி அணைத்தேன். வாசலில் சாமான் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ராகு காலம் நெருங்குகிறது, ராசாத்தி அம்மா சாவியை இடுப்பில் செருகிவிட்டார். வஹீதா என் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கண்ண மூடிக்கங்க, ஒண்ணுமில்ல, இதோ முடிஞ்சுது" என்று ஊசி போடுகிற குரலில் சொன்னாள். பால் பொங்கி, அடுப்பு, மேடை, ராசாத்தி அம்மாவின் புடவை எல்லாம் வழிந்தது. கை தட்டினார்கள். நான் அழுதேன். சந்தோஷம் என்று நினைத்து ராசாத்தி அம்மாவும் கூடவே அழுதார். பால் வீணாய்ப் போனதே என்றுதான் அழுதேன்.

குடி வந்த பிறகு வேறு கூத்து. வஹீதா பகலில் தூங்குகிறாள். நான் தாளிக்கிற சத்தத்துக்கு எழுந்து வந்து, தூக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். இளவேனில் போனில் யாரிடமோ என்னை "என் ரூம்மேட்" என்கிறாள். பேரன் எடுக்கிற வயசில் நான் ரூம்மேட்! ஆபீசிலிருந்து வந்தால் காபி போட்டு நீட்டுகிறார்கள், அதுவும் சர்க்கரை இல்லாமல். இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். இன்று காலை நான் ஆசையாய் ஊற வைத்திருந்த பழைய சோற்றை, கெட்டுப்போச்சு என்று இளவேனில் கொட்டிவிட்டாள். கொட்டினதோடு விட்டாளா, பானையை சோப்புப் போட்டுக் கழுவி, "அக்கா, நல்லவேளை நீங்க சாப்பிடல" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நானும் கத்தினேன், அவளும் கதவை அறைந்தாள்.

போதும். பதவியும் வேண்டாம், பவிசும் வேண்டாம். எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிச்சமுத்து தம்பியின் வேனை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போங்கள். நீங்கள் சொன்னதே நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரம். சிவப்பியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அமிர்தம்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து இன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. புதன்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு பாத்திரம் மூடியிருந்தது. திறந்தால், பாஸ்மதி அரிசியில் பழையது! இளவேனில் செல்போனில் பார்த்து ஊற வைத்தாளாம். புளிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று பேரும் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டோம். எனக்காக இப்படி யாரும் மெனக்கெட்டதில்லை. சொல்லிவிட்டேன், கோபப்படாதீர்கள். ஆகவே வேன் வரட்டும், ஆனால் காலியாக வர வேண்டாம்: என் கிரைண்டர், உறியில் தொங்குகிற ஊறுகாய், கொஞ்சம் புழுங்கலரிசி. நீங்களும் வாருங்கள். ராசாத்தி அம்மாவுக்கு உங்களை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டுமாம். திரும்பும்போது வேனில் நீங்களும் பிச்சமுத்து தம்பியும் மட்டும்தான். இன்று காலை பேச்சு வாக்கில் பால் பொங்கிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன், அணைக்கவில்லை.