ரைட் கிளிக் சீர்திருத்தம்

மனுக்கள் விரைந்து தீர வேண்டும் என்ற உயரிய நோக்கத்துடன்தான் நான் மவுஸின் வலது பட்டனில் கை வைத்தேன். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்.

என் பெயர் சுப்புராயன். கல்வராயன் மலையடிவாரத்தில், சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிற ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பதினோரு வருட சர்வீஸ் இருக்கிறது. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் எடுக்கத் தெரிந்ததால் 'கம்ப்யூட்டர் மேதை' என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நானே நம்பியதுதான் கோளாறு.

ஒரு மத்தியானம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் திற, நகலெடு, அழி என்று ஒரு பட்டியல் விரியும் அல்லவா? அதில் நமக்கு வேண்டிய வரியை நாமே சேர்க்கலாமாம். சேர்த்தேன். 'பரிசீலனையில்' என்று ஒரு வரி. அதை அழுத்தினால் மனுவின் ஃபைல் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். மனுதாரருக்குக் கொடுக்க, முத்திரை போட்ட சீட்டு ஒன்றும் கலரில் பிரிண்ட் ஆகும்.

ஆபீசர் நிர்மலா மேடம் வந்து பார்த்தார்.

"முன்னாடில்லாம் ஒரு மனுவப் பரிசீலனையில வைக்க எவ்ளோ நாளாச்சு?"

"ஒரு வாரம் ஆவும் மேடம்."

"இப்போ?"

"ஒரு செகண்டு."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுப்புராயன், நீங்கல்லாம் இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே, ரைட் கிளிக்கை அரசுத் தமிழில் எழுதி, 'வலச்சொடுக்குப் பட்டியல் சீரமைப்புக் குழு' அமைக்கப்பட்டது. நான் செயலர். ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு வரி கேட்டது. 'பார்வைக்கு', 'மீண்டும் பார்வைக்கு', 'மேல்நடவடிக்கைக்கு', 'தக்க நடவடிக்கைக்கு' என்று பன்னிரண்டு வரிகள் சேர்ந்தன. வரிகளைப் பணிமூப்புப்படிதான் அடுக்க வேண்டும் என்று தபால் பிரிவு பாரதியம்மா எழுதியே கொடுத்தார். நான்காவது கூட்டத்தில் 'திற' பற்றிப் பேச்சு வந்தது.

"இது ஏன் முதல்ல நிக்குது?" என்றார் மேடம்.

"கம்ப்யூட்டரோடவே வந்தது மேடம்."

"எந்தப் பிரிவு கேட்டது?"

"எந்தப் பிரிவும் கேக்கல."

"யாருமே கேக்காதது எதுக்கு முதல்ல நிக்கணும்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. 'திற' என்பதை எடுத்துவிட்டேன். இரண்டு தட்டுத் தட்டினாலும் 'பரிசீலனையில்' என்பதே வேலை செய்யும்படி மாற்றினேன். அந்த மாத அறிக்கையில், நடவடிக்கை எடுக்கப்படாத மனு ஒன்றுகூட இல்லை. பக்கத்து அலுவலகங்களிலிருந்து பென்டிரைவோடு வந்து பட்டியலை வாங்கிப் போனார்கள். யாராவது போட்டோ எடுப்பார்கள் என்று நான் தலைக்கு டை அடிக்க ஆரம்பித்தேன். யாரும் எடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மலை மேலிருந்து வேடியப்பன் தன் மகள் தமிழ்மொழியோடு வந்தார். பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மறுநாளுக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் கையில் ஏற்கெனவே ஆறு கலர் சீட்டுகள்.

"இன்னா சார், ஆறு வாட்டி வந்துகினு போய்க்கினு இருக்கேன். ஒரு பஸ்ஸ வுட்டா அன்னிக்குப் பொழுதே போச்சு."

"உங்க மனு மேல ஆறு தடவ நடவடிக்கை எடுத்திருக்கோம்ங்க," என்று சொல்லிக்கொண்டே மவுஸைத் தட்டினேன்.

ஏழாவது சீட்டு வரவில்லை. பன்னிரண்டு பிரிவும் ஆளுக்கொரு சொல் ஒட்டியதில், ஃபைல் பெயர் இதற்கு மேல் நீள முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. தமிழ்மொழி எட்டித் திரையைப் படித்தாள்.

"சார், உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்ப்பதற்கான வரியை எடுத்தவனே நான். அதைச் சொல்ல வாய் வராமல், "சிஸ்டம் அப்படிம்மா" என்றேன்.

அவள் அப்பா கையிலிருந்த சீட்டுகளை வாங்கி, ஓரம் பார்த்து அடுக்கி, என் மேசை மேல் வைத்தாள். "நீங்களே வெச்சுக்குங்க சார். காலேஜ்ல இதக் காட்டினா சிரிப்பாங்க."

காது சுட்டது. அங்கேயே உட்கார்ந்து 'திற' வரியைத் திரும்பச் சேர்த்தேன். ஃபைல் பெயரின் வாலை நறுக்கிவிட்டுத் திறந்தேன். கேட்ட ஆவணம் அத்தனையும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தன. சரிபார்க்கப் பத்து நிமிடம் ஆனது. மேடத்திடம் கொண்டுபோனேன்.

"இது எந்த வரியில வருது?"

"வரியில இல்ல மேடம். ஃபைலுக்குள்ள இருந்திச்சு."

அப்படியும் ஓர் இடம் உண்டா என்பதுபோலப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார். சான்றிதழோடு இருவரும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். பெண் சேர்ந்துவிட்டாள் என்று வேடியப்பன் வெள்ளிக்கிழமை போனில் சொன்னார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். திங்கட்கிழமை, எல்லா மனுக்களையும் திறக்க ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டவர் பாவாடை என்கிற மனுதாரர். வரவழைத்துச் சொன்னேன்: "ஓடையில வூடு கட்டிட்டுப் பட்டா கேட்டிருக்கீங்க. தர முடியாதுங்க. காலி பண்ணச் சொல்லி நோட்டீசும் வரும்."

"யாரு சார் உங்களத் தொறக்கச் சொன்னது?" என்றார் அவர் அமைதியாக. "பரிசீலனையில இருக்குதுன்னு சீட்டக் காட்டித்தான் பையனுக்குப் பொண்ணே எடுத்தேன். நான் எதுனா அவசரம்னு கேட்டனா?"

மறுநாள் காலை வாசலில் நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: எங்கள் மனுவைத் திறக்காதே. பன்னிரண்டு பிரிவும் அவர்கள் பின்னால் நின்றன. மேடம் ஜன்னலருகே நின்று எதையும் பார்க்காமல் இருந்தார்.

மனுக்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்றாவதைத் திறந்தால், அது என் மேலேயே கொடுத்த புகார். பதினொன்றரைக்கு முன்னால் இருக்கையில் இருப்பதில்லை என்று, தேதிவாரியாக.

'திற' வரியை எடுத்தேன். முதலில் இருபத்து மூன்றாவதைப் பரிசீலனையில் வைத்தேன். அடுத்துப் பாவாடையுடையதை. சூடாக வந்த சீட்டை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். இத்தனை வருட சர்வீஸில் எனக்குக் கும்பிடு போட்ட முதல் மனுதாரர் அவர்தான்.

"எம்மாம் நாளைக்குத் தாங்கும் சார் இது?"

"யாரும் படிக்காத வரைக்கும்ங்க," என்றேன்.