கோணல் வெட்டு

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் தடுத்தாலும் மதியம் தூங்கியே தீருவது என்று டென்னிஸ் சபதம் எடுத்தான். ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சபதம்.

பாவம், அவனும்தான் என்ன செய்வான்? சிவகாசியில் காலண்டர் சீசன் முடிகிறவரை அச்சகத்தின் கட்டிங் மெஷின் முன்னால் நின்று நின்று, அவனுடைய கால்களுக்கு மடங்குவதே மறந்துபோயிருந்தது. இப்போது சீசன் முடிந்துவிட்டது. வயிற்றில் கறிக்குழம்பு இருந்தது. எதிரே கட்டில் இருந்தது. தொப்பென்று விழுந்தான். விழுந்த வேகத்தில் எழுந்தான். முதுகு முழுக்கப் புளியங்கொட்டை ஒட்டியிருந்தது.

“ஏ பியூலா! இது கட்டிலா, பலசரக்குக் கடையா?”

“பாத்து எந்திரிங்க. ஒண்ணாப்புப் பிள்ளைக கூட்டல் படிக்கிறதே அதுலதான்.”

அவன் மனைவி பியூலா, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கை கட்டில் மேல் புளியங்கொட்டையாகவும், கட்டிலுக்கு அடியில் சோடா மூடியாகவும், பிரிட்ஜ் மேல் மணிச்சரமாகவும் வீடெங்கும் பரவிக் கிடந்தது. போன வாரம் ஊறுகாய்ச் சம்புடத்தைத் திறந்தான். உள்ளே உயிரெழுத்து இருந்தது.

“வர்ற வெள்ளிக்கிழமை விருதுநகர்ல கண்காட்சிங்க. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் உபகரணம் செஞ்சு கொண்டு வாராக. நீங்க ரெண்டே ரெண்டு வேலை செஞ்சு குடுங்க, போதும்.”

முதல் வேலை அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பாதியில் எழுத்து, மறுபாதியில் படம். ‘அ’வுக்கு அணில், ‘ஆ’வுக்கு ஆடு. நடுவில் இரண்டாக வெட்ட வேண்டும்.

“நூல் பிடிச்ச மாதிரி நேரா வெட்டணும். கொஞ்சம் கோணுனாலும் எல்லாம் வீணாப் போயிரும், பாத்துக்கோங்க.”

இரண்டாவது, மருந்து முக்காத வெறும் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது.

“பத்துன்னா பத்துதான். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“சரி. அப்ப அடுத்த ஞாயிறு எனக்கு லீவுதானே?”

“அடுத்த ஞாயிறு ரெண்டாப்புக்குச் செய்யணும்லா?”

டென்னிஸுக்கு, இரண்டாப்புக்குப் பின்னால் மூணாப்பும், அதற்குப் பின்னால் நாலாப்பும் வரிசையில் நிற்பது தெரிந்தது. இனி ஆயுசுக்கும் மதியத் தூக்கம் கிடையாது. நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடினான். பட்டாசு லோடு வண்டி ஓட்டும் பலவேசம் அங்கே மல்லாந்து படுத்திருந்தான். பார்க்கவே பொறாமையாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பலவேசம் படுத்தபடியே யோசனை சொன்னான்.

“ஏலே, மாட்டேன்னு சொல்லாத. செய்யி. ஆனா கெடுத்து வையி. நான் ஒரே ஒரு தடவை துணி துவைச்சேன். என் வீட்டுக்காரி பட்டுச்சேலையையும் என் காவி வேட்டியையும் ஒண்ணா முக்கி எடுத்தேன். பெறகு சோப்பு டப்பாப் பக்கமே என்னைய விடுறதில்ல.”

ஞானம் பெற்றுத் திரும்பினான் டென்னிஸ். ஆனால் காலமெல்லாம் நேராக வெட்டிய கை, கோணலாக வெட்டச் சொன்னால் கேட்குமா? அதுபாட்டுக்கு நேராகவே போனது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வெட்டினான். இடது கையால் வெட்டினான். ஒன்று அலை அலையாக வந்தது, ஒன்று ரம்பப் பல்லாக, ஒன்று கொக்கு மூக்காக. தீக்குச்சியில் ஒரு கட்டுக்கு ஒன்பது, இன்னொன்றுக்குப் பதினொன்று என்று கைக்கு வந்ததை வைத்துக் கட்டினான். மனசாட்சி லேசாகக் குத்தியது. தூக்கத்தை நினைத்ததும் அடங்கிவிட்டது.

பியூலா வந்து பார்த்தாள். திட்டவே இல்லை.

“அய்யோ, இம்புட்டுக் கோணலா? சரி விடுங்க. உங்களுக்கு இதெல்லாம் வராது. போய்ப் படுங்க.”

கட்டிலை அவளே துடைத்தும் கொடுத்தாள். அன்று டென்னிஸ் விட்ட குறட்டை தெருமுனை வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை அவளைப் பைக்கில் விருதுநகருக்குக் கூட்டிப்போனபோதுதான் பயம் பிடித்தது. இத்தனை டீச்சர்கள் முன்னால் இவள் மானம் போகப்போகிறதே என்று கூனிக் குறுகி ஓரமாக நின்றான். மற்ற மேசைகளில் டீச்சர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பியூலா ஒருத்திதான் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேசையில், கூட வந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிஞ்சு ‘அ’வை எடுத்து ஆட்டோடு சேர்த்துப் பார்த்தது. ஓரம் பொருந்தவில்லை. யானையோடு வைத்தது. பொருந்தவில்லை. அணிலோடு வைத்ததும் பல்லுக்குப் பல் கச்சிதமாக உட்கார்ந்தது.

“சேந்துருச்சு டீச்சர்! அ, அணில்!”

இன்னொரு வாண்டு தீக்குச்சிக் கட்டை அவிழ்த்து எண்ணியது. “டீச்சர், இதுல ஒம்போதுதான் இருக்கு! கட்டுனவருக்கு எண்ணவே தெரியல!”

உடனே எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்தார்கள். எந்தக் கட்டுக்குள்ளே தப்பு என்று கண்டுபிடிக்க ஒரே போட்டி, ஒரே சிரிப்பு. பார்க்க வந்த கல்வி அதிகாரி அசந்துபோய்விட்டார்.

“பிள்ளையே தப்பக் கண்டுபிடிச்சு, பிள்ளையே திருத்திக்கிடுதே! யாரு டீச்சர் செஞ்சது?”

“எங்க வீட்டுக்காரர்தான் சார். ஒவ்வொண்ணா ரசிச்சு ரசிச்சு வெட்டுனாரு.”

கைதட்டல் எழுந்தது. முதல் பரிசுக் கோப்பையும் பியூலாவுக்கே கிடைத்தது. டென்னிஸின் நெஞ்சு பூரியாக உப்பியது. சந்தோஷத்தில் சபதமும் மறந்தது, கட்டிலும் மறந்தது.

“நம்ம ஒன்றியத்துல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இது வேணுமே, சார்,” என்று அதிகாரி டென்னிஸ் பக்கம் திரும்பினார்.

“அதுக்கென்ன சார், செஞ்சு தந்தாப் போச்சு! எங்க பிரஸ்ல வெட்டு அச்சு, அதான் டை, போட்டா ஒரே அமுக்குல வெட்டித் தள்ளிரலாம்.”

பியூலா மெதுவாகக் குறுக்கிட்டாள். “டை போட்டா எல்லா அட்டையும் ஒரே மாதிரி கோணும்ங்க. அப்ப அணிலோட ‘ஆ’வும் சேந்துக்கிடும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாக் கோணணும். நீங்க கையாலதான் வெட்டணும்.”

“அவசரமில்ல சார்,” என்றார் அதிகாரி பெருந்தன்மையாக. “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெட்டுனாப் போதும்.”

திரும்பி வரும் வழியில் ஆமத்தூர் தாண்டியதும் டென்னிஸ் பைக்கை ஓரங்கட்டினான்.

“எனக்கு ஒண்ணுதான் பியூலா புரியல. உனக்கு வேண்டியது கோணல்தான்னா, அன்னைக்கு எதுக்கு நூல் பிடிச்ச மாதிரி நேரா வெட்டுங்கன்னு சொன்னே?”

பியூலா பரிசுக் கோப்பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

“கோணலா வெட்டுங்கன்னு சொல்லியிருந்தா, நீங்க நேரா வெட்டித் தந்திருப்பீகளே!”