நானே கேட்டாலும் சொல்லாதே

திருடன் போன பிறகு பூட்டு வாங்குவதுதான் அரசாங்கத்து வழக்கம். அந்த வருடம் அதிசயமாக, அவன் வருவதற்கு முன்பே வாங்கச் சொல்லி எல்லா அலுவலகங்களுக்கும் நிதி அறிவித்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பூட்டு. ஒரே நிபந்தனை: பாஸ்வேர்டு வெளியே போகக்கூடாது, எங்கேயும் எழுதி வைத்திருக்கவும் கூடாது. நேரில் வந்து சோதிப்பார்கள்.

குடிநீர் வாரியத்தில் அந்தப் பொறுப்பு நம் குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. நிதி வந்தால் தனி அறை, சுழல் நாற்காலி. வராவிட்டால் பழையபடி கோப்பறையும் கரப்பான்பூச்சியும்.

அவருக்கோ நேற்றுப் போட்ட சட்டையின் நிறமே நினைவிருக்காது. பதினெட்டு எழுத்துப் பாஸ்வேர்டுக்கு எங்கே போவார்? மனைவியிடம் போனார்.

"எழுதத்தான் கூடாது. நீ மனப்பாடம் பண்ணிக்கோ. காலையில கிளம்பறப்ப எனக்கு ஒரு தடவை சொல்லு, போதும்."

"அப்ப நான்தான் உங்க பெட்டகமா?"

"பெட்டகம் பேசக்கூடாது."

அன்று மதியமே அவளைச் சோதித்துப் பார்க்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தார். "தலைமை அலுவலகத்துலேர்ந்து பேசறேம்மா. உங்க வீட்டுக்காரரோட பாஸ்வேர்டு என்ன?"

"ஏங்க, மூக்கடைப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் மடமடவென்று ஒப்பித்தாள்.

சாயங்காலம் வீடு இரண்டுபட்டது.

"குரலையே திருடிப் பேசறவன்லாம் இருக்கான். போன்ல நானே கேட்டாலும் சொல்லாதே. நான்தானான்னு முதல்ல கேள்வி கேட்டுப் பாரு."

"சரிங்க" என்றாள். அவள் அவ்வளவு சாந்தமாகச் சொன்னபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

ஆய்வு நாள். அதிகாரி ஒல்லியாக, சீவின பென்சில் மாதிரி இருந்தார். "கம்ப்யூட்டரைத் திறங்க" என்றார். காலையில் கேட்ட பாஸ்வேர்டு, பஸ் நெரிசலில் வேறெங்கோ இறங்கிப் போயிருந்தது. வியர்த்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அதிகாரி.

"நான்தான். அதைச் சொல்லு."

"நீங்கதான்னு என்ன நிச்சயம்? கேள்வி கேக்கணுமே. நம்ம சமையலறைக் குழாய் எத்தனை மாசமா ஒழுகுது?"

குடிநீர் வாரியமே தலை நிமிர்ந்து பார்த்தது.

"மூ... மூணு."

"பதினாலு. யாரு சரிபண்றேன்னு சொன்னது?"

"நான்தான்."

"எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. காலையில பத்து மணிக்கு. போதுமா?"



"இப்பத் தெரிஞ்சுபோச்சு, நீங்க அவரில்ல. அவரு ஒரு நாளும் இப்படி நாள் குறிச்சுச் சொன்னதில்ல."

போன் வைக்கப்பட்டது.

குமாஸ்தாவின் கண்ணில் கோப்பறைக் கரப்பான்பூச்சிகள் வரிசையாக வந்து வரவேற்றன. அதிகாரி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உரியவருக்கே கிடைக்காத பாதுகாப்பை இன்னிக்குத்தான் பார்க்கறேன். உங்க ஆபீசுக்கு நிதி உண்டு."

"அந்தத் தனி அறை, சார்?"

"உண்டு."

"சுழல் நாற்காலி?"

"அதுவும் உண்டு. அந்தம்மா எப்ப வந்து உக்காருவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."